கண்டியில் ஒரு சுழியோடி

கடலில் காலை நனைக்காமலே கடலைப் பற்றி அவ்வளவு பேசிய மனுஷன் இந்தத் தீவில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அதையும் கண்டியில் இருந்துகொண்டு பேசினார். நாலு பக்கமும் மலை. தண்ணீர் என்று பார்த்தால் ஒரு வாவி. அதிலும் இறங்கினால் பொலிஸ் பிடிக்கும்.

யுத்த காலம் அது. அக்குறணை முஸ்லிம் நானா ஒருவருடைய சாப்பாட்டுக் கடைக்கு மேலே, அவர் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விட்ட போடிங்கில் நாங்கள் இருந்தோம். நான் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இரும்புக் கடையில் நின்றவன். பக்கத்துக் கட்டிலில் இவர். யாழ்ப்பாணத்துக்காரர். குழாய்த் தண்ணீர் அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. ஒரு நாள் காலையில் நானா குளிக்கப் போனால் சீமெந்துத் தொட்டிக்குள் ஒரு தலை. வெள்ளைக்காரன் எவனோ விற்றுவிட்டுப் போன கடல் கண்ணாடியைச் சந்தையில் வாங்கி மாட்டிக்கொண்டு, மனுஷன் தொட்டிக்குள் முகத்தை அமுக்கியிருந்தார்.

“எனத்தயன் இது? குளிக்கிற தண்ணிக்குள்ள தலையப் போட்டுக்கொண்டு. நீங்க மனிசனா, சுழியோடியா?” என்றார் நானா.

பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவரைப் பெற்றவள் வைத்த பெயரை அந்த வீட்டில் யாரும் பாவிக்கவில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கடலுக்குள் தலையை விட்டு ஒருதரம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து வெளியே வர அப்போது கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்க வேண்டும். எந்த நேரமும் துப்பாக்கிச் சூடு விழும் வழி. அதைப் பற்றி ஒரேயொரு முறைதான் சொன்னார்.

“இந்தக் கரையில இருந்து அந்தக் கரை மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்தனான் தம்பி. இப்ப நித்திரைக்குக் கண்ணை மூடினா அந்தத் தண்ணிதான் வருது. உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாத்தா விட்டிடும்.”

இதை நான் கிண்டல் செய்யவில்லை. மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

கொழும்பு ரயில் கடுகண்ணாவச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் மூச்சை அடக்குவார். வெளியே வந்தால்தான் விடுவார். ஒரு தடவை ரயில் சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. மனுஷன் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே வந்தபோது கத்தரிக்காய் நிறத்தில் இருந்தார். எதிரே இருந்த சிங்கள அம்மா தன் இளநீரை அவர் தலையில் கொட்டிவிட்டாள்.

எங்கே சுழியோடுவது, எங்கே தங்குவது. சாப்பிடும்போதும் இதுதான், பல் தீட்டும்போதும் இதுதான். நிலாவெளித் தண்ணீர் கண்ணாடி மாதிரி, ஆனால் அங்கே சண்டை. கற்பிட்டி பரவாயில்லை, ஆனால் கடற்படை முகாம். மிஞ்சியது தெற்கு. மார்கழியிலிருந்து சித்திரை வரை அங்கே தண்ணீர் தெளிவு, பிறகு கலங்கிவிடும். வெள்ளைக்காரர்களின் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி உள்ளே இறக்கப் பழக்குகிற இடங்களும் அங்கே இருந்தன. ஹிக்கடுவையில் பவளப்பாறை, மூழ்கின கப்பல். உனவட்டுனவில் சின்னக் குடா, அலை குறைவு, நீந்தத் தெரியாதவனுக்கு நல்லது. இவருக்கு நீந்தத் தெரியாது. நான் உனவட்டுன என்றேன். நானா மாலைதீவு என்றார். அங்கே அவருடைய மச்சான் சமையல்காரன், சாப்பாடு சும்மா கிடைக்குமாம்.

கடலைத் தெரிவு செய்வது சுகம். அறையைத் தெரிவு செய்வதுதான் பாடு. வெள்ளைக்காரன் ஜன்னலால் கடல் தெரியுமா என்று கேட்பான். தமிழன் தன் பெயரைச் சொன்ன பிறகும் அறை இருக்குமா என்று பார்க்க வேண்டும். கொமியூனிகேஷன் என்கிற ஃபோன் கடையில் நின்று ஒவ்வொரு விடுதியாக எடுப்பார். அரசாங்கச் சுற்றறிக்கை வாசிப்பது போன்ற சிங்களம். அறை உண்டு என்பார்கள். பெயர் என்ன என்பார்கள். சொன்ன அடுத்த நொடியில் விடுதி நிறைந்துவிடும். “காமர நே.” அறை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை ஃபோனைப் பறித்து நல்லாத் திட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து அலசினார்.

“உனவட்டுனக்காரன் இல்லையெண்டு சொல்ல முதல் கொஞ்ச நேரம் பேசாம நிண்டவன். வெக்கம் இருக்கு. அங்கதான் தங்க வேணும்.”

அதற்குப் பிறகு அந்த ஆளையே திரும்பத் திரும்ப எடுத்தார். நலம் விசாரித்தார். கடல் எப்படி என்று கேட்டார். கடைசியில் அவன் களைத்துப்போய், பொலிஸ் ரிப்போட்டை எடுத்துக்கொண்டு வாங்க மாத்தயா என்றான். அப்போது தமிழன் வெளியூரில் தங்க அது வேண்டும்.

புறப்படுகிற நாள். துணைக்கு நான். கண்டி பஸ் நிலையத்தில் வரிசையில் நிற்கிறோம். பொலிஸ்காரர்கள் பையைத் திறந்து பார்த்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து நானா சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி, ஊருக்கே கேட்கிற மாதிரி, “சுழியோடி! சுழியோடித் தம்பி! சோத்த விட்டுட்டுப் போறீங்க!”

தண்ணீருக்கடியால் போய்க் கப்பலைத் தகர்க்கிற புலிகளுக்கும் அப்போது பத்திரிகைகள் போட்ட பெயர் அதுதான். வந்த பொலிஸ்காரன் மட்டக்களப்பில் வேலை செய்தவன். அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அந்தச் சொல்லும் இருந்தது. பையைத் திறந்தான். கண்ணாடி, மூச்சுக் குழாய், வாத்துக்கால் மாதிரி இரண்டு ரப்பர் சப்பாத்து.

மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் பொலிஸ் பெரியவர் கேட்டார், கண்டியில் எந்தக் கப்பலுக்கு வெடி வைக்க வந்தாய் என்று. இவர் தன் சுற்றறிக்கைச் சிங்களத்தில், மேற்படி நபர் விடுமுறையின் பொருட்டுப் பயணிப்பதாகச் சொன்னார்.

“உங்களுக்கெல்லாம் என்ன விடுமுறை?” என்றார் பெரியவர்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஆளுக்கு நீந்தவே தெரியாது சேர் என்று கத்தினேன். நிரூபி என்றார்கள். நீந்தத் தெரியாது என்பதை எப்படி ஐயா நிரூபிப்பது? வாவியில் போட்டுப் பார்க்கலாம். பிழைத்து வந்தால் புலி, செத்தால் நிரபராதி. நானா அழுதுகொண்டே, அல்லாமேல சத்தியம், அந்தப் பேர வெச்சது நான்தான் என்றார். சாட்சியாக வெளியே இருந்தவரை அந்த வாக்குமூலத்துக்காக உள்ளே போட்டார்கள். சோற்றுப் பார்சலை மூன்று பேரும் பங்கிட்டுத் தின்றோம்.

அவருடைய அலுவலகத்து எஞ்சினியர், ஒரு சிங்கள மனிதர், மறுநாள் வந்து பொறுப்பேற்று எங்களை வெளியே எடுத்தார். கண்ணாடியைப் பொலிஸ் தரவில்லை. எடுத்த லீவும் போனது, இனி லீவும் கிடையாது என்றார்கள் அலுவலகத்தில். உனவட்டுனக்காரன் நானாவின் கடைக்கு ஃபோன் எடுத்து, அறையை வைத்துக்கொண்டு பார்த்திருந்தேனே, ஏன் வரவில்லை என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.

அதன் பிறகு சுழியோடியும் பேசவில்லை. கடல் என்ற சொல்லே வாயில் வரவில்லை. அந்த அமைதியில் எனக்கு விசர் பிடிக்கும் போலிருந்தது. போடிங்கில் யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிடவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா எங்களைத் தொட்டியடிக்குக் கூப்பிட்டார். ஒரு வாளி கூடுதலாக அள்ளினால் ஒரு வாரம் ஏசுகிறவர், தொட்டியை விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் வெறும் கல்லுப்புச் சாக்கு ஒன்று கிடந்தது. நான் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

“கலங்காத தண்ணி. பொலிஸ் இல்ல, பேர் கேக்கிற ஆளும் இல்ல. முழிச்சிப் பாருங்க தம்பி,” என்றார் நானா.

சுழியோடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு சட்டென்று தலையை உள்ளே விட்டார். கண்ணாடி இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. நேரம் போனது. நானா கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். இழுத்து எடுக்கலாமா என்று நான் நினைத்தபோது தானே வெளியே வந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல்.

“என்ன இருந்துச்சு அண்ணே உள்ளுக்கு?” என்றேன்.

“உப்புத்தண்ணிதான் தம்பி.” முகத்தைத் துடைத்தார். “அடியில நானாட சவுக்காரம் ஒண்டு கிடக்கு.”

“அது அங்கயா ஈக்கிது?” என்றார் நானா. “நான் உங்களயல்லவா சந்தேகப்பட்ட.”

அன்றிரவு சுழியோடி போட்ட குறட்டையில் எனக்கு நித்திரை இல்லை. திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். எழுப்பவில்லை.

பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். எனக்குக் கடலிலும் ஆசை இல்லை, சுழியோடுகிறவர்களிலும் ஆசை இல்லை. ஆனால் ரயில் கடுகண்ணாவச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் இப்போதும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம்.