ஹாரனுக்கு ஒரு ஆள்

டிரைவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது சோபாவின் பாதி ஹாரனின் வாயில் இருந்தது. மீதிப் பாதி கூடம் முழுக்கப் பஞ்சாகப் பறந்துகொண்டிருந்தது.

"அடப்பாவி! உட்கார இருந்த ஒரே இடத்தையும் முடிச்சிட்டியா?"

ஹாரன் வாலை ஆட்டியது. திட்டினாலும் அதற்குக் கொஞ்சுகிற மாதிரிதான்.

பஸ்ஸில் காலமெல்லாம் கிளட்ச் மிதித்தே டிரைவரின் இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து வாசல் வரை போய்வருவதே பெரும்பாடு. நாயோ வெளியே போக முடியாத ஆத்திரத்தை வீட்டுச் சாமான்கள் மேல் காட்டியது. மனைவி கண்ணை மூடியபின் அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே துணை அது. அதைக் கொடுத்துவிட அவருக்கு மனமில்லை.

வெளியூரிலிருந்து மகள் போனில் தினமும் ஒரே பாட்டுத்தான் பாடுவாள்.

"அப்பா, முதல்ல அந்த முட்டியை யார்கிட்டயாவது காட்டுங்கப்பா."

"எனக்கு ஒண்ணுமில்ல. வைத்தியம் கிய்த்தியம்னு எவனாவது வாசலை மிதிச்சான், நாயை அவுத்து விட்டுடுவேன்!"

ஆனால் நாய்க்காகப் பிராணிகள் உதவி மையத்துக்குத் தானே போன் போட்டார். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"சார், எடுத்ததும் கொடுத்துடாதீங்க. வெளியே கூட்டிட்டுப் போக ஆள் அனுப்பிப் பார்க்கலாம். அது சரிப்படலேன்னா கொஞ்ச நாள் வேற வீட்டுல விட்டு வைக்கலாம். எதுவுமே ஆகலேன்னாதான் புது வீடு."

"முதல்ல ஆளை அனுப்பும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மறுநாள் காலையில் நரைத்த கிருதாவும் வெள்ளை ஷூவுமாக ஒரு நெட்டை மனிதர் வாசலில் நின்றார். "ஐயா, என்னை..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் டிரைவர் சங்கிலியை அவர் கையில் திணித்தார்.

"வாங்க தம்பி! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். பிடிங்க!"

ஹாரன் ஒரே ஒரு முறை குரைத்தது. நெட்டை மனிதர் படிக்குக் கீழே நின்றார். சங்கிலி எப்படியோ டிரைவர் கைக்கே திரும்பியிருந்தது.

"நீங்களே பிடிங்க ஐயா. முதல்ல பழகட்டும்."

பழகுவதற்காகத் தெருமுனை வரை டிரைவர் நொண்டிக்கொண்டே போனார். நெட்டை மனிதர் எதிர்ச் சாரியில் நடந்தபடி குரல் கொடுத்தார்.

"மெதுவா! குதிகாலை முதல்ல ஊணுங்க!"

"நாய்க்கு ஏதுய்யா குதிகால்?"

"உங்களைச் சொன்னேன். அது உங்க நடையைப் பார்த்துத்தானே கத்துக்கும்!"

டிரைவருக்கு அது நியாயமாகவே பட்டது.

வெளிக்காற்றின் ருசி கண்டுவிட்ட ஹாரன் சாயங்காலமும் சங்கிலியைக் கவ்விக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் புலம்பினார். "பூங்காவைச் சுத்துங்க, களைச்சுப்போய்ப் படுத்துடும்" என்றார் நெட்டை மனிதர். ஹாரன் களைக்கவில்லை. பூங்காவில் நாலு நண்பர்களைப் பிடித்துக்கொண்டு, அவர்களைப் பார்க்க விடியுமுன்னே டிரைவரின் போர்வையை இழுத்தது. "அப்போ படியில ஏத்தி இறக்குங்க." நூலகத்துப் படிகளில் டிரைவரும் நாயும் ஏறி இறங்கினார்கள். நெட்டை மனிதர் நிழலில் நின்று, "இன்னும் ஒரு தடவை!" என்றார்.

'நாய்க்கு ஆள் வச்சும் நாயா அலையறது நானா?' என்று டிரைவர் பல்லைக் கடித்தார்.

இப்படியே வாரங்கள் ஓடின. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"தம்பி, ஒரு நாலு நாளைக்கு ஹாரனை உங்க வீட்டுல வச்சுக்குங்களேன்."

நெட்டை மனிதரின் முகம் வெளுத்தது. "ஐயையோ! எங்க வீட்டுலயா? இடமே கிடையாதுங்க!"

டிரைவருக்கு மனசே விட்டுப்போயிற்று. இதற்கென்றே வந்த ஆளே கைவிரித்தால் வேறு யாரிடம் போவது? இந்த நொண்டியோடு கிடந்து அது ஏன் அவதிப்பட வேண்டும்? துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கையோடு ஹாரனை இழுத்துக்கொண்டு உதவி மையத்துக்கே கிளம்பிவிட்டார்.

"ஐயா, நில்லுங்க! சொல்றதைக் கேளுங்க!" என்று நெட்டை மனிதர் பின்னாலேயே ஓடிவந்தார்.

மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ரிப்பேர். டிரைவர் இருந்த கோபத்தில் தடதடவென்று ஏறி, மேஜை முன் போய் நின்றார்.

"இந்தாம்மா, என் நாய். நல்ல வீடாப் பாரு. விளக்கை அணைச்சா பயப்படும், அதையும் சொல்லிடு." சங்கிலியை மேஜை மேல் வைத்தார். ஹாரன் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"ஏன் சார் கொடுக்கறீங்க?"

"முட்டி போச்சும்மா. நடக்க முடியல. நீங்க அனுப்பின ஆளும் சரியில்ல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க இன்னும் யாரையுமே அனுப்பலையே சார்? இப்பத்தான் ஒருத்தர் கிடைச்சிருக்கார்."

டிரைவர் திரும்பினார். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, நெட்டை மனிதர் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்க அப்பா மூணு மாடியையும் ஒரே மூச்சுல ஏறிட்டாரு, முட்டி குணமாயிடுச்சு, நான் நீங்க அனுப்பின முட்டி வைத்தியர்னு இனிமேலாவது அவர்கிட்ட சொல்லிடுங்க, எனக்குச் சின்ன வயசுலேர்ந்து நாய்னாலே பயம்!"