டர்னருக்கும் டர்னருக்கும் கல்யாணம்

நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. வருஷம், கிழமையெல்லாம் வேறு மறந்து போகிறது. எழுபதோ எழுபத்தொண்ணோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னே பின்னே இருந்தால் மன்னிக்க வேண்டும்.

அப்போது நான் வாயே திறக்க மாட்டேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட வெட்கம். காசை நீட்டுவேன், கண்டக்டர் என் முகத்தைப் பார்த்து ஊரைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். (தி.நகர் போக வேண்டியவள் இரண்டு தடவை சைதாப்பேட்டையில் இறங்கியிருக்கிறேன்.) அப்பேர்ப்பட்ட நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிறைய ஆட்கள் இருக்கும்போது, எழுந்து நின்று ஒரு கல்யாணத்தை நிறுத்தினேன்.

மந்தைவெளியில் நாங்கள் கீழ் போர்ஷன். மாடியில் டெய்ஸியம்மாவும் அவர் மகள் ரோஸியும். ஆங்கிலோ இந்தியக்காரர்கள். வீட்டு ஐயா தவறிப் போய் ரொம்ப நாள். ரோஸி மவுண்ட் ரோட்டில் டைப்பிஸ்ட். தங்கமான பெண். ஆபீஸிலிருந்து வந்தால் நேரே மாடி ஏறாமல் என் வாசலில் நின்று, "இன்னா சரோ, இன்னிக்காவது பேசினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அவளுக்கு முப்பது வயசில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை பேர் கெல்வின், பரங்கிமலை. கல்யாணப் பத்திரிகையை ரோஸி முதலில் என்னிடம்தான் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். படித்ததும் பகீரென்றது. ரோஸி டர்னர், கெல்வின் டர்னர்.

"இது உங்கப்பா பேரா?" என்றேன்.

"அப்பா பேரு இல்லே சரோ, வம்சப் பேரு. தாத்தா, அவங்க அப்பா, எல்லாருக்கும் இதான்."

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். எங்களுக்கும் வம்சத்துக்கு ஒரு வீட்டுப் பேர் உண்டு. வீட்டுப் பேர் ஒன்றென்றால் பங்காளி. பெண்ணும் பிள்ளையும் முகம் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கை முறை. கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஐயோ, ஆம்பிளை இல்லாத வீடு, முறை விசாரிக்க யாருமில்லாமல் இப்படி ஆயிற்றே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெய்ஸியம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "வேற இடம் பார்க்கலாமேம்மா?"

"வேற இடமா! இதுக்கே எத்தினி வருஷம் முட்டி போட்டு ஜெபம் பண்ணினேன் தெரியுமா? இதுவும் தட்டிப் போச்சுன்னா எம்பொண்ணு அவ்ளோதான். பேரு கூட ஒண்ணாப் போச்சு, எவ்ளோ சௌகரியம். பாஸ்புக்ல மாத்த வேணாம், டிரங்குப் பெட்டியில பெயின்ட் அடிச்ச பேரை அழிக்க வேணாம்!"

அந்த அம்மாள் சௌகரியம் என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்க முறை அவங்களுக்கு. நீ வாயை மூடிக்கினு இரு," என்றார். வாயை மூடுவதுதான் எனக்குக் கைவந்த கலை ஆயிற்றே. இருந்தேன்.

அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெண் பேரையும் பிள்ளை பேரையும் படிப்பார்களாம். ஓலை வாசிப்பது என்பார்கள். இரண்டாவது ஞாயிறு டெய்ஸியம்மா என்னைத் துணைக்குக் கூட்டிப் போனார். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் டிபன் ஏற்பாடு. சாமியார் ஓலையை முதலில் இங்கிலீஷில் படித்தார். நான் பாட்டுக்குத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து தமிழில் படித்தார். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் இப்படி யாரும் சபையில் கேட்க மாட்டார்கள். இவர் கேட்கிறாரே! அதுவும் கடமை என்கிறாரே! (பிற்பாடு சாமியார் பங்களாவுக்குப் போய்த் தனியாகச் சொல்ல வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்?) என் கால் தானாக எழுந்து நின்றது.

"எனக்குத் தெரியும், சாமி."

சாமியார் கையிலிருந்த காகிதம் அப்படியே நின்றது. "என்னம்மா தெரியும்?"

"அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி."

டெய்ஸியம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகத் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தார். அவர் ரயில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர், பெரிய மீசை. அந்த அம்மாள் பார்த்த பார்வையில் ஓடுகிற மெயில் வண்டியே நின்றிருக்கும்.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலே, மார்த்தா!" என்றார் பாவம், கோயிலென்றும் பாராமல்.

பூசை முடிந்து பக்கத்து அறையில் எல்லோரும் கூடினோம். வீட்டுப் பேர் சங்கதியை நான் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்ததும் மீசைக்காரருக்கு உயிர் வந்தது.

"இதானா! ஏம்மா, டர்னர்னா இன்னான்னு தெரியுமா? கடைசல் பிடிக்கிறவன். அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஊருக்கு ஊரு ஒருத்தன் மரத்துல கிண்ணம், தட்டு, நாற்காலிக் காலுன்னு கடைஞ்சுக்கினு இருப்பான். ஊர்ல பத்து ஜான் இருந்தா எந்த ஜான்னு சொல்றது? கடைசல்கார ஜான். அவன் புள்ள போலீஸ் ஆனாலும் பேரு ஒட்டிக்கிச்சு. ஊருக்கொரு கடைசல்காரன், அதனால ஊருக்கொரு டர்னர். எங்க லோகோ ஷெட்லயே நாலு டர்னர், ஒருத்தனுக்கொருத்தன் ஒட்டில்லே, உறவில்லே. உங்க ஊர்ல எல்லா ஆசாரியும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்களா?"

"அப்போ எங்க வீட்டுக்காரரும் டர்னர்தாங்க," என்றேன். ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் அவர் வேலைக்கு அதுதான் பேர். அந்தக் கிரீஸ் சட்டையும் மாடி வீட்டு லேஸ் திரையும் ஒரே பேர் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோணவே இல்லை.

மீசைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சாமியார் கூடச் சிரித்தார். மார்த்தாம்மா சிரிக்கவில்லை.

"இன்னா சிரிப்பு? சபையில சொல்லியாச்சு. நாளைக்கு நாலு பேர் என் பேரப்புள்ளைங்களைப் பேசுவான். ரெண்டு வீட்டு ஞானஸ்நான நோட்டையும் தாத்தா காலம் வரைக்கும் பார்க்கணும். அது வரைக்கும் கல்யாணம் இல்லே."

ரோஸி என்னைப் பார்க்காமலே வெளியே போனாள். அந்த வாரம் முழுக்க அவள் செருப்புச் சத்தம் என் வாசலில் நிற்காமல் மாடிக்குப் போயிற்று. என் வீட்டுக்காரர், "வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசுவே. அதை எடுத்துக்கினு போய் அங்கதான் கொட்டணுமா?" என்றார். அவளுடைய ஒரே வரனை நான் கெடுத்துவிட்டேன் என்று ரசத்தில் உப்புப் போடாமலும் இரண்டு தடவை போட்டும் ஒரு வாரத்தை ஓட்டினேன்.

சனிக்கிழமை சாயந்தரம் செருப்புச் சத்தம் நின்றது. "நோட்டெல்லாம் பார்த்தாச்சு," என்றாள் ரோஸி. "அவங்க தாத்தா கப்பல்ல வந்தவரு, எங்க தாத்தா பெங்களூர்க்காரரு. ஒரு சம்பந்தமும் இல்லே. நாளைக்குக் கடைசி ஓலை. நீ வர்றே, முதல் வரிசை."

"ஐயோ, நான் மாட்டேன்!"

"நீ வரலேன்னா இன்னும் சந்தேகம் கீதுன்னு பேசுவாங்க. கெடுத்தவதான் சரி பண்ணணும்."

போனேன். ஒரு பக்கம் டெய்ஸியம்மா, ஒரு பக்கம் மார்த்தாம்மா, நடுவில் போலீஸ் பிடித்து வந்தவள் மாதிரி நான். சாமியார் பேரைப் படித்தார். தடை ஏதேனும் அறிந்தவர்கள் என்றார். நிறுத்தினார். கோயில் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. தலையை ஆட்டினேன். ஆமாம் என்கிறேனா இல்லை என்கிறேனா என்று புரியாமல் சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாயைத் திறந்து சொல்லும்மா."

"ஒண்ணும் இல்லீங்க சாமி!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடத்துப் புறா பறந்தது. வரிசைக் கோடியில் ரோஸியின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. இன்று வரை எங்கள் வீட்டில் வரன் பேச்சு வந்தால் ஜாதகத்துக்கு முன்னால், "அம்மாவைக் கேட்டாச்சா, தடை ஏதாச்சும் இருக்கான்னு?" என்பார்கள். என் பெரிய பையன் தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு, கட்டாமல், திரும்பி என்னைப் பார்த்தான். கல்யாண மண்டபமே சிரித்தது. நாதஸ்வரக்காரர் என்ன ஏது என்று தெரியாமல் கெட்டிமேளத்தைப் பாதியில் விட்டார்.

டர்னருக்கு அந்தப் பெரியவர் சொன்ன அர்த்தம் சரிதானா என்று இங்கிலீஷ் படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். ரோஸி இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், பேரன் பேத்தியோடு இருக்கிறாள். தமிழ் படிக்க வராது. யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டி, தப்பிருந்தால் கேட்டுத் திருத்திவிடுங்கள். நாலு பேர் முன்னால் எதையும் உறுதியாகச் சொல்வதை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன்.