டேங்க் மூடியில் ஒரு திருகாணி

ஏறாவூர்,
வியாழன் இரவு.

கண்ணியமிக்க மாமாவுக்கு, உங்கள் மருமகள் ஸுஹைனா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமியும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். நாங்கள் சுகமாக இல்லை. வீட்டிலிருக்கும் ஒரே போன் வாப்பாவின் தலையணைக்குக் கீழே கிடப்பதால், போர்வைக்குள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். காலையில் ஓட்டமாவடிக்கு மீன் கொண்டுவரும் றிப்ஷான் காக்காவிடம் கொடுத்துவிடுவேன். கிடைத்ததும் வாப்பாவுக்குப் போன் எடுங்கள். பத்து மணிக்குள் எடுங்கள். பத்து மணிக்குப் பெரியகல்லாற்றிலிருந்து ஆள் வந்து, நீங்கள் வாங்கித் தந்த தோணி எஞ்சினை விலைக்கு வாங்கிக் கொண்டுபோகப் போகிறார். எஞ்சின் போனால் வாப்பா கட்டாருக்கு வேலைக்குப் போவாராம். பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துத் துடைத்தும் வைத்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான்.

பழைய பெற்றோல் டேங்க் கீறல் விட்டு ஒழுகியதால் போன மாதம் வாப்பா புதிது வாங்கினார். பழையதன் மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதை யாரும் கவனித்ததில்லை. புதியதில் அந்த ஓட்டைக்கு ஒரு திருகாணி வைத்திருக்கிறார்கள். களவு போய்விடும் என்று வாப்பா இரவில் டேங்கைக் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே வைப்பார். நான் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறேன். சரித்திரப் புத்தகத்தில் மன்னர்கள் எல்லோரும் பெற்றோல் மணத்தார்கள். அதனால் ஒவ்வொரு இரவும் அந்த ஆணியை என் பக்கமாக நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். மணம் குறையவில்லை. இன்னொரு சுற்று இறுக்கினேன்.

அன்றிலிருந்து எஞ்சின் பத்து நிமிடம் ஓடும், வாவியின் நடுவில் நின்றுவிடும். வாப்பா டேங்கைத் தூக்கிக் குலுக்குவார், பெற்றோல் தளும்பும். குழாயிலிருக்கும் இறப்பர் உருண்டை, அமுக்கினால் கல்லுப்போல் ஆகவேண்டியது, உறிஞ்சிப் போட்ட மாம்பழம்போல் சப்பிக் கிடக்கும். நிஸ்தார் காக்காதான் தன் தோணியில் கட்டி இழுத்து வருவார். மூன்றாம் நாள் கரையில் எல்லோரும் கேட்க வாப்பாவிடம் சொன்னார், "காக்கா, கயிற அவுக்காதீங்க. நாளைக்கும் தேவப்படும்." வாப்பா அன்று சோறு தின்னவில்லை. மெக்கானிக் பாஸ் வந்து, பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைக் கழற்றிவைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் பின்னேரம் முழுக்கப் பாடியது. "எஞ்சினுக்கு ஒண்டுமில்ல, ஓட்டுற ஆளத்தான் செக் பண்ணணும்," என்றார். மூடியைப் பூட்டிக்கொண்டு வாப்பா போனார், கயிற்றில் வந்தார். பிளக் மாற்றியாகிவிட்டது, பில்டர் மாற்றியாகிவிட்டது, காபரேட்டரை மூன்று தரம் கழுவியாகிவிட்டது. கண்ணூறு பட்டுவிட்டது என்று உம்மா தண்ணீர் ஓதி வாங்கிவந்து டேங்குக்குள்ளேயே ஊற்றிவிட்டா.

"பெற்றோலுக்க தண்ணி போனா எஞ்சின் நிக்கும் புள்ள," என்றார் வாப்பா.

"அது ஓதின தண்ணி," என்றா உம்மா.

"எஞ்சினுக்கு அது தெரியாதே."

அதையும் வடித்துத் துடைத்தார்கள். கடைசியில் அவர் உங்களைப் பற்றி உம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மன்னியுங்கள் மாமா: "உன்ட காக்கா தந்த எஞ்சினும் உன்ட காக்கா மாதிரித்தான். தொடங்கக்குள்ள நல்ல சத்தம். நடுவழியில ஆளக் காணல்ல." உம்மா அழுதா. இரண்டு நாளாக இருவரும் பேசவில்லை. என்னைத்தான் நடுவில் அனுப்புகிறார்கள், உப்புக் கேட்பதற்கும்.

இன்று பின்னேரம் உம்மா டின்பாலில் ஓட்டை போட்டா. ஒன்று போட்டதும் பால் வரவில்லை. இரண்டாவது போட்டா. "ஏனும்மா ரெண்டு?" என்றேன். "ஒண்டால காத்து உள்ள போனாத்தானே மத்ததால பால் வரும்," என்றா. டேங்க் மூடியின் ஓட்டை எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்போது ஆணியைத் திறந்துவிடலாம். திறந்தால் எஞ்சின் ஓடும், பெரியகல்லாற்றுக்காரர் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போவார். திறக்காவிட்டால் இரும்பு விலைக்குக் கேட்பார், வாப்பா இருக்கிற வெறுப்பில் கொடுத்துவிடுவார். இரண்டிலும் வாப்பா கட்டாருக்குப் போகிறார். நானே சொல்லலாம் என்று இரண்டு தரம் அவர் கட்டிலடிக்குப் போனேன், எழுப்பாமலே திரும்பிவிட்டேன். நீங்களாகவே நினைத்ததுபோல் ஆணியைப் பற்றிச் சொல்லுங்கள். என் பெயர் வரவேண்டாம்.

உங்கள் ஆயுளை அல்லாஹ் நீளமாக்கட்டும். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
நடுங்கும் மருமகள்
ஸுஹைனா

பி.கு: மடிக்கும்போது போர்வையைத் தூக்கியது வாப்பா. வாங்கி முழுவதையும் வாசித்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "எந்தப் பக்கம் திருப்பின?" என்றார். குனிந்து காட்டினேன். டேங்குக்குப் பக்கத்தில் குந்தி ஆணியைத் திருப்பிப் பார்த்தார். "அது திறக்கிற பக்கம்," என்றார். பிறகு மெதுவாக, "காலையில பாக்கக்குள்ள லூசாக் கெடக்கும். புதுச் சாமான் ஆடிக்கிட்டு கெடக்கப்படாதெண்டு நான்தான் தோணியில ஏறமுந்தி இறுக்குற."

பெரியகல்லாற்றுக்காரரை வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார். பாஸ்போர்ட் அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. ஒன்று மட்டும் கேட்டார். "மாமாக்கு எழுதினது எழுதினபடி போகட்டும். புள்ள செஞ்ச பிழையெண்டா மச்சான் ஒண்டும் நினைக்கமாட்டார்." நானும் சம்மதித்தேன். ஆகவே மாமா, ஆணியை இறுக்கியது நான்தான். இந்தப் பின்குறிப்பை வாப்பா பார்க்கவில்லை. போன் எடுத்தால் சிரித்துவிடாதீர்கள்.