மைனஸ் நூற்று நான்கு அடி

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. தூண்டிலுக்கு ஒரு லைன் வாங்க வேண்டும்.

தாம்பரம் போய் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் பீர்க்கன்கரணை திரும்பிவிடலாம். அவ்வளவுதான் திட்டம்.

ஏன் வாங்க வேண்டி வந்தது என்றால், எல்லாம் என் வாய்!

போன வருஷம் நியூசிலாந்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். மருமகனுக்கு ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம். புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. இறகில் செய்த பொய்ப் பூச்சி ஒன்றைக் கொக்கியில் கட்டி, லைன் என்கிற தடிமனான தூண்டில் கயிற்றைப் பின்னும் முன்னும் காற்றில் ஆட்டி ஆற்றில் வீச வேண்டும். பூச்சிக்கு எடையே இல்லை. லைனின் எடைதான் அதைத் தூக்கிக்கொண்டு போகும்.

நானும் வீசினேன். மொத்தம் இரண்டு பிடித்தேன். ஒன்று மருமகனின் தொப்பி. இன்னொன்று என் காது.

ஊர் திரும்பியதும் ஏரிக்கரை வாக்கிங்கில் இந்த விஷயம் கொஞ்சம் வளர்ந்துவிட்டது. முதல் வாரம் ஐம்பது அடி வீசியிருந்தேன். தீபாவளிக்குள் எண்பது ஆனது. பொங்கலுக்கு நூறைத் தொட்டேன். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று கை கொடுத்தார்கள்.

என்னோடு நடப்பவர்கள் இரண்டு பேர். ஹார்டுவேர் கடை பஷீர் பாய். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஆசீர்வாதம் சார். பாய் எதையும் நம்புவார். சார் எதையும் அளப்பார்.

"மருமகன் குடுத்த தூண்டில் ராடு வீட்டுல சும்மாதானே கெடக்கு?" என்றார் சார். "ஞாயித்துக்கெழமை கொண்டாங்க. நூறு வேணாம், அறுபது அடி போதும்."

"போகலேன்னா?"

"ஒரு மாசம் வாக்கிங்ல நீங்க வாயத் தெறக்கக் கூடாது. நான் பேசுவேன்."

சார் பேச ஆரம்பித்தால் அவருடைய கிட்னிக் கல்லைப் பற்றித்தான் பேசுவார். மில்லிமீட்டர் சுத்தமாக.

வீட்டில் ராடு இருந்தது, லைனைச் சுற்றும் ரீல் இருந்தது, பொய்ப் பூச்சிகூட இருந்தது. லைனை மட்டும் மருமகன் கழற்றி வைத்துக்கொண்டு கொடுத்தனுப்பியிருந்தார். என்னை நன்றாகப் புரிந்துகொண்ட மனிதர்.

தாம்பரத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. படியேறினேன்.

"என்ன சார் வேணும்?"

"ஃப்ளை லைன். ரொம்ப தூரம் போகணும். வெல மட்டும் கிட்டக்க இருக்கணும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. ராடு மேல் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று கேட்டார். ஐந்து என்றேன். அந்த நம்பருக்கு ஏற்ற எடையில் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"இது முன்பக்கம் கனம், பின்பக்கம் மெலிசு. முன்னாடி இருக்கிற கனம் மிச்சத்த இழுத்துக்கிட்டு ஓடும். தூரத்துக்கு இதான் சார். ஆயிரத்து எண்ணூறு."

"அது?"

"இது ஆயிரத்து நூறு. ரெண்டு முனையும் ஒரே மாதிரி. கிட்டக்கப் போட நல்லாருக்கும், தூரம் போகாது. ஒரு முனை தேஞ்சா கழட்டித் திருப்பிப் போட்டுக்கலாம்."

திருப்பிப் போட்டுக்கலாம்! அங்கேதான் விழுந்தேன்.

நான் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். சட்டைக் காலர் நைந்தால் திருப்பித் தைத்துப் போட்டவன். பேஸ்ட் டியூப் தீர்ந்தால் கத்தரியால் வெட்டி வழித்து, அதில் மூன்று நாள் பல் தேய்ப்பவன். என்னிடம் போய் இரண்டு முனை உள்ள சாமானைக் காட்டலாமா?

"எத்தன வருஷம் ஒழைக்கும்?"

"நீங்க போடுற போடுக்கு ஒரு பக்கமே பத்து வருஷம் வரும் சார்."

பத்தும் பத்தும் இருபது. எனக்கு எழுபத்தொன்று. தொண்ணூற்றொரு வயது வரை லைன் கவலையே இல்லை!

"தூரம் போகாதுன்னு சொன்னேன் சார்," என்றார் மறுபடியும்.

"அது வீசுற கையில இருக்குங்க," என்றேன். அந்தக் கை பர்ஸிலிருந்து ஆயிரத்து நூறை மூன்று தடவை எண்ணிய பிறகுதான் வெளியே எடுத்தது.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால், லைன் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு வருகிறது. கடை அலமாரியில் எத்தனை வருஷம் தவம் கிடந்ததோ! இழுத்துக் கட்டி வைத்தால் நேராகும் என்று மருமகன் போனில் சொன்னார். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் குழாய்க்கும் ஆன்டெனா கம்பத்துக்கும் நடுவே நாலு சுற்றாக இழுத்துக் கட்டிவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மதியம் போய்ப் பார்க்கிறேன். லைனில் மூன்று பெட்ஷீட், ஐந்து லுங்கி, ஒரு ஜமுக்காளம்!

"சரோஜா!"

"என்னங்க, கூப்பாடு போடறீங்க?" என்றாள் என் மனைவி. "பத்து வருஷமா கொடி கட்டுங்க, கொடி கட்டுங்கன்னு கேட்டேன். இன்னிக்குத்தான் புத்தி வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டேன். கலர்கூட நல்லாருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. எனக்கு முன்னால் ஏரி, பின்னால் சாலை. கையில் ராடு. இரண்டு துணி கிளிப் இன்னும் லைனில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பாய்தான் எடுத்துவிட்டார். பாய் கடை அளவு டேப்போடு சார் தயாராக இருந்தார்.

முதல் வீச்சு. பதினெட்டு அடி.

"காத்து எதிர்ல அடிக்குது," என்றேன்.

"மரத்துல எல சும்மாதானே இருக்கு?" என்றார் சார்.

இரண்டாவது, இருபத்திரண்டு. லைன் ஜமுக்காளத்தை நினைத்துக்கொண்டு தொய்ந்து தொய்ந்து விழுந்தது.

"கடைசி சான்ஸ்," என்றார் சார். தொண்டையை வேறு கனைத்துக்கொண்டார். கிட்னிக் கல் வாசல் வரை வந்துவிட்டது!

உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிப் பின்பக்கம் வீசினேன். லைன் பின்னால் முழுதாக நீளும் வரை பொறுத்திருந்து முன்னால் அடிக்க வேண்டும் என்று மருமகன் சொல்லியிருந்தார். பொறுத்திருந்தேன்.

லைன் நீண்டது. நீண்டது. நீண்டுகொண்டே போனது!

ரீல் 'கிர்ர்ர்' என்று கத்துகிறது. "பாய்! போவுது பாய், போவுது!" என்று நான் ஏரியைப் பார்த்தபடியே கூவுகிறேன்.

"பின்னாடி பாருங்க!" என்று பாய் அலறினார்.

திரும்பினேன். மொபெட்டில் மீன் விற்கும் அஞ்சலை போய்க்கொண்டிருந்தார். மீன் கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கில் என் கொக்கி. பாய் கத்திக்கொண்டே ஓடி வண்டியை நிறுத்தினார். நான் நின்ற இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. வீரம் எல்லாம் இல்லை, முட்டி வலி.

"யோவ் பெருசு!" என்றார் அஞ்சலை. "வண்டிய யாரோ பின்னாடி இஸ்துகினு கீறாங்களேன்னு பாத்தா, நீ கீற! காலங்காத்தால இன்னாயா பேஜாரு? மீனு வேணும்னா கூப்ட மாட்டியா?"

சார் டேப்பைப் பிரித்து அளக்க ஆரம்பித்தார். என் காலிலிருந்து கூடை வரை.

"நூத்தி நாலு அடி," என்றார்.

"ஜெயிச்சிட்டார்!" என்று துள்ளினார் பாய். "தூரம்னுதானே சொன்னீங்க சார்? எந்தப் பக்கம்னு சொல்லலியே!"

"பாய், ஏரி அந்தப் பக்கம் இருக்கு. இவரு போட்டது இந்தப் பக்கம். மைனஸ் நூத்தி நாலு. பிளஸ் அறுபதுக்கு இன்னும் நூத்தி அறுபத்தி நாலு அடி கம்மி."

முப்பது வருஷம் கணக்குப் போட்ட வாயோடு நான் எங்கே மல்லுக்கட்டுவது?

சாக்கைக் கிழித்ததற்குப் பரிகாரமாக ஒரு கிலோ சங்கரா வாங்க வைத்தார் அஞ்சலை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், முகத்தில் ஒரு பெருமையோடு சரோஜாவிடம் நீட்டினேன்.

"ஏரியில புடிச்சீங்களா?"

"ம்."

"ஏரியில கடல் மீன் சங்கரா! அதுவும் செதில் எடுத்து, துண்டு போட்டு!" என்றவள், "அது கெடக்கட்டும், என் கொடி எங்க?" என்றாள்.

லைன் இப்போது மறுபடியும் மாடியில் இருக்கிறது. ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிக் கட்டிக்கொள்வாளாம்.

இன்று தண்டனையின் மூன்றாம் நாள். கல் ஆறு மில்லிமீட்டரில் நிற்கிறது.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் சார் சொன்னார். எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.