மார்லிஸ் வாய் திறக்கக் கூடாது

விவசாயி வெர்ன் நல்லெண்ணத்தில்தான் அதைச் செய்தார். ஊர் வாரப் பத்திரிகையின் நன்றிப் பகுதியில் ஒரு வரி போட்டார்: "என் வேலித் தகராறைத் தீர்த்து வைத்த வக்கீலம்மா மார்லிஸுக்கு நன்றி."

மார்லிஸ் வக்கீலே இல்லை. வக்கீல் ஆர்வில் ஸ்டென்ஹாக்கிடம் இருபத்தாறு வருஷமாக உதவியாளர். அமெரிக்காவில், அவர்கள் இருக்கும் வட டகோட்டா மாநிலத்தில், வக்கீல் அல்லாதவர் சட்ட ஆலோசனை சொன்னால் குற்றம். மறு வாரமே மாநில வக்கீல் மன்றத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆறு வாரத்தில் விசாரணை.

"என் வேலை போயிடும். இந்த வயசுல நான் எங்க போவேன்?" மார்லிஸ் அழுதேவிட்டாள்.

ஆர்வில் பதறிப்போனார். அவள் இல்லாத ஆபீசை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. "நான் இருக்கேன்ல? இனிமே சட்டக் காகிதம் எதையும் நீ தொடாதே. யார் என்ன கேட்டாலும் வாயே திறக்காதே. எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

நான்காம் நாள் வெர்ன் வந்தார். மகளுக்கு நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் ஒன்றும் கொண்டு வந்திருந்தார்.

"மார்லிஸ், எங்க கையெழுத்துப் போடணும்?"

"வக்கீலைக் கேட்டுட்டு வரேன்." உள்ளே ஓடினாள். "வெர்ன் எங்க கையெழுத்துப் போடணும்?"

ஆர்வில் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க போடணும்?"

"கீழ, இடது பக்கம்."

"அதையே போய்ச் சொல்லிடு."

"நான் சொல்லக் கூடாதே! நீங்க வந்து சொல்லுங்க."

உள்ளறையிலிருந்து முன்னறைக்குப் பன்னிரண்டு அடி தூரம். அதற்குள் மனிதர் மறந்துவிட்டார். "வலது பக்கம்," என்றார் கம்பீரமாக. மார்லிஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வலது பக்கம் நிலத்தைப் பெறுபவர் கையெழுத்துப் போடும் இடம். வெர்ன் தன் நிலத்தைத் தனக்கே தானமாக வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

அதைச் சரிசெய்ய ஆர்வில் தானே உட்கார்ந்து புதுப் பத்திரம் எழுதினார். அதில் பக்கத்து வீட்டுக்காரனின் நிலம் வெர்னின் மகளுக்குப் போய்விட்டது. வேலித் தகராறு செய்த அதே பக்கத்து வீட்டுக்காரன்.

"யோவ், என் சோளக்காட்டை யாருக்குய்யா எழுதிக் குடுத்தே?" என்று அவன் வாசலில் நின்று கத்தியது பெட்ரோல் பங்க் வரைக்கும் கேட்டதாம்.

ஆறு வாரம் இப்படியே ஓடியது. வக்கீல் மன்றத்திலிருந்து விசாரணைக்கு வந்த பெண்மணி எல்லாக் கோப்புகளையும் பொறுமையாகப் புரட்டினார்.

"நீங்க யாருக்காவது ஆலோசனை சொல்றதுண்டாம்மா?"

மார்லிஸ் ஆர்விலைப் பார்த்தாள். "இதுக்கு நான் பதில் சொல்லலாமா?"

பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போதும்மா. வேலித் தகராறுல இவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீங்க டைப் அடிச்சதோட சரி. அப்புறம் இந்த ஆறு வாரத்துத் தப்பு அத்தனையும் இவர் கையெழுத்துல இருக்கு. உங்க மேல புகார் நிக்காது."

மார்லிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆர்வில் மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தியா? காப்பாத்திட்டேன்ல?"

பெண்மணி மட்டும் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சார். உங்க வக்கீல் லைசென்ஸ் போன மாசமே முடிஞ்சிருச்சே, புதுப்பிக்கலையா?"

ஆர்வில் மெல்லத் திரும்பினார். "அதை வருஷா வருஷம் நீதானே..."

"எதையும் தொடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பெண்மணி பேனா மூடியைக் கழற்றினார்.

"அப்ப வக்கீலா இல்லாம வக்கீல் வேலை பாத்தது நீங்கதான் சார்!"