சாமியறைக்குக் கீழே ஒரு மாளிகை

வெள்ளவத்தையில் இல்லாத வீடொன்றுக்குள் அறை அறையாக வழி சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் வளவு அண்ணைதான். எங்கள் தொடர்மாடி நிற்கும் காணியில் முன்பு ‘வளவு’ என்று எல்லோரும் சொல்லும் ஒரு பெரிய மாளிகை இருந்தது. அண்ணையின் தகப்பன் அங்கே கார் ஓட்டியவர். இடித்தவர்கள் கல்லையும் கதவையும் விற்றுவிட்டார்கள். வரைபடத்தை மட்டும் விற்க முடியவில்லை. அது அண்ணையின் தலைக்குள் இருந்தது.

அளவுநாடாவும் கையுமாகப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து வருவார். லிப்டில் ஏறினால், "இப்ப மாமரத்தில ஏறுறம்" என்பார். கீழ்மாடிப் பல் டொக்டரின் கதிரை நிற்பது குதிரை லாயத்திலாம். "பரவாயில்லை டொக்டர், அங்கயும் வாயைத் திறந்து பல்லைத்தான் பாத்தவை."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவர் எங்கள் மூன்றாம் மாடிக்கு வரும்வரை. சாமியறை வாசலில் நாடாவை இழுத்துப் பிடித்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இதில வாளிக் கக்கூசு இருந்தது."

நான் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் மனைவி, மரக்கறிச் சட்டியில் மீன் அகப்பை பட்டதற்கே வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிப்பவள். அவளோடு முப்பது வீடு ஏறி இறங்கிப் பிடித்த வீடு இது. விஷயம் தெரிந்தால் நாளைக்கே சாமான் கட்டச் சொல்வாள்.

"அண்ணை, நாங்கள் மூண்டாம் மாடியெல்லோ. கக்கூசு நிலத்தில."

"நேர் மேல, தம்பி."

"கொஞ்சம் தள்ளிச் சொல்லேலாதோ? ஒரு பன்னிரண்டு அடி?"

"தள்ளினா அது சாப்பாட்டறைக்குள்ள போகும்" என்றார் கடுமையாக. "அந்த வீட்டைப் பற்றி நான் ஒரு அங்குலம் பிழையாச் சொன்னதில்லை."

ஒரு கிழமையாக அவரைக் கண்டாலே காலி வீதியின் அடுத்த பக்கத்துக்கு ஓடினேன். ஒருமுறை ஒளிந்துகொள்ள ஏறிய பஸ் என்னை மொறட்டுவையில் கொண்டுபோய் இறக்கியது.

ஓடி என்ன பயன்? வெள்ளிக்கிழமை மரக்கறிப் பையோடு வந்தால், மனைவி அவரை லிப்ட் வாசலில் மறித்து வைத்திருக்கிறாள்.

"எல்லாருக்கும் சொல்லுறியளாம் அண்ணை. எங்கட சாமியறை இருக்கிற இடத்தில என்ன இருந்தது?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணை என்னைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மல்லிகைப் பந்தல், தங்கச்சி."

மனைவி முகம் மலர்ந்து தேத்தண்ணி போட உள்ளே போனாள். அண்ணை அதற்கு நிற்கவில்லை. களவெடுத்தவர்போலப் படியால் இறங்கிப் போனவர், இரண்டு கிழமை எங்கள் பக்கமே தலைகாட்டவில்லை.

இப்போது அண்ணை இல்லை. மனைவி வெள்ளி தவறாமல் அந்த அறைக்கு மல்லிகை வாங்குகிறாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிடுகிறேன். சாமி கோபிக்காது, அந்தக் கும்பிடு பாதி அண்ணைக்கு.