பல் வைத்த கரணையும் கருப்பணார் வாக்கும்

புதுச்சத்திரம்,
12-6-1986.

அன்புள்ள தம்பி பாலசுந்தரத்துக்கு அக்கா எழுதுவது.

ஒன்றரை அடிச் சதுர டைல்ஸைப் பதிக்கச் சாந்து இழுக்க விளிம்பு நேரான கரணை ஏற்றதா, பல் வைத்த கரணை ஏற்றதா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாரும் இங்கே அகப்படவும் இல்லை. பம்பாயில் நீயும் குழந்தைகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சமையலறை தவிர எல்லோரும் நலம்.

நீ சங்ககிரி லாரியில் ஏற்றிவிட்ட நாற்பது டைல்ஸும் உடையாமல் வந்து சேர்ந்தன. தரைக்கும் அடுப்புச் சுவருக்கும் அளந்தால் சரியாக நாற்பது. ஒன்று போனாலும் அதே மாதிரி இந்தப் பக்கம் கிடைக்காது. பெட்டிக்குள் ஒரு கரணையும் இருந்தது, விளிம்பெல்லாம் பல்லாக. ‘கரணையும் வைத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிய நீ, எதற்கென்று எழுதவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன், இலை விளிம்பில் பல் இருந்தால் ஏதாவது சொல்வேன், கரணையில் இருந்தால் என்ன சொல்வது? கொத்தனார் வெள்ளியங்கிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க டீச்சரம்மா, எலி கடிச்ச கரணையைப் பம்பாய்ல இருந்தா அனுப்புவாங்க?” என்றார். சாந்து குழைத்துக்கொண்டிருந்த அங்கம்மாள், “அது தல சீவறதுக்குங்க மேஸ்திரி. உங்களுக்கு வேண்டியதில்லீங்க” என்றாள். அவருக்கு முழு வழுக்கை.

மேஸ்திரி தம்முடைய நேர்க் கரணையால் ஐந்து உருண்டைச் சாந்து வைத்து முதல் டைல்ஸைச் சுவரில் ஒட்டினார். நாங்கள் காப்பி குடித்து முடிக்கும்வரை நின்றது, அப்புறம் விழுந்து மூன்றாக உடைந்தது. “செவுரு சரியில்லீங்க” என்றார். சரி, பல் கரணையை எடுங்கள் என்றேன். எடுத்து இழுத்தார், மணல் பல்லில் சிக்கிச் சாந்து முழுவதும் கூடவே வந்துவிட்டது. மீதி முப்பத்தொன்பது. ஒரு குறையை அரிசி டிரம்முக்கு அடியில் மறைக்கலாம், இரண்டுக்கு டிரம் இல்லை. உன் மச்சான் சும்மா இருக்காமல், “கருப்பணார் கோயில்ல பூக் கேட்டுப் போடலாம்” என்று சொல்ல, கொத்தனாரும் “சாமி வாக்குச் சொல்லாம இனிக் கரணையைத் தொட மாட்டனுங்க” என்று உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளைப் பூ வந்தால் பல் கரணை, சிவப்பு வந்தால் நேர்க் கரணை. சாமி முன்னால் வைக்க, பூவுக்கு ஒன்றாக இரண்டு பொட்டலம் கட்டும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். நேர்க் கரணை விழவைத்ததைக் கண்ணால் பார்த்தேன், மற்றது வெறும் குழப்பம்தான் செய்தது. அதனால் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்தேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன். நாளைக்கு வேலை. நான் செய்தது சரியா தப்பா, பல் எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், இதையெல்லாம் உடனே தந்தியில் தெரிவி.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி.

அக்கா,
சௌந்திரம்.

பி.கு. (13-6-86): நேற்று நான் போவதற்குள் தபால் கட்டிப் போய்விட்டது, கடிதத்தை இன்றுதான் சேர்க்கிறேன். தந்தி வேண்டாம். காலையில் வெள்ளியங்கிரி மணலை நைசாகச் சலித்து, சாந்தைப் பரப்பி, பல் கரணையால் வரிவரியாக அழகாக இழுத்தார். பிறகு தம் நேர்க் கரணையை எடுத்து அத்தனை வரியையும் வழித்துச் சமன் செய்தார். ஏன் என்று கேட்டேன். “நேத்து நீங்க போனதுக்கப்புறம் இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சனுங்க. அதுலயும் வெள்ளையேதான் இருந்துச்சு. ரெண்டு கரணையும் வேணுமின்னு சாமி சொல்லிப்போட்டாரு, நாம எப்படீங்க ஒண்ண ஒதுக்கறது?” என்றார். ஒவ்வொரு டைல்ஸின் முதுகிலும் சிமெண்டுப் பாலை வேறு தடவினார். சாயந்தரம் முப்பத்தொன்பதையும் விரலால் தட்டிப் பார்த்தேன். அடியில் சாந்து பிடிக்காமல் பொள்ளலாக ஒன்றுகூடக் கேட்கவில்லை. எதிர்வீட்டு ராசம்மாள் வந்து பார்த்துவிட்டு எந்தக் கரணை என்று விசாரித்தாள். கருப்பணார் கோயிலில் கேள் என்று சொல்லி அனுப்பினேன்.